இடது பக்கத்துக் கடல்

கடலோரமாகவே காரோட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும் என்பது என் கணவருடைய வெகுநாள் ஆசை. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் அவருக்கு வேலை. காலையில் மில்லர்புரம் வீட்டிலிருந்து கிளம்பினால் கன்டெய்னர் யார்டு, சுங்க அலுவலகம் என்று அலைந்துவிட்டு, சட்டைக் காலரில் நிலக்கரித் தூசியோடு திரும்புவார். கடலுக்குப் பக்கத்திலேயே பிழைப்பு. ஆனாலும் கடலை உட்கார்ந்து பார்த்ததில்லை. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு பழைய கார் ஒன்று வாங்கினோம். அதிலேயே அவர் தினமும் வேலைக்குப் போய்வந்தார். நான் வீட்டில் கேக் செய்து விற்கிறவள். கிறிஸ்மஸ், புதுவருஷ ஆர்டர்கள் எல்லாம் முடிந்து அடுப்பு ஆறியதும், ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

எங்கெங்கே சாப்பிடுவது என்பதை அவர்தான் முடிவு செய்திருந்தார். காலைக்கு ஆத்தூர்ப் பக்கம் இட்லி, மதியம் மணப்பாட்டில் மீன், சாயங்காலம் உவரியில் காபி. நான் ஒரு டப்பா மக்ரூன் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களாகவே எழுந்தவுடன் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏசி காற்று, துறைமுகத் தூசி, தூக்கம் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அன்று காலையிலும் வலி இருந்திருக்கிறது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள் விரிந்தன. பனி முழுதாக விலகவில்லை. குவித்த உப்பின்மேல் பனையோலை போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்துச் சக்கரம் தாரை விட்டு இறங்கி மண்ணில் கடகடவென்று உருண்டது.

"ஏன் இப்படி ஓரமாவே போறிய?" என்றேன்.

"எதுத்தாப்ல லாரி வாரான்லா, பாக்கலியா?" என்று வண்டியை ஏற்றினார்.

லாரி வந்தது நிஜம்தான். ஆனால் லாரி போனபிறகும் கொஞ்ச நேரத்தில் சக்கரம் மறுபடி மண்ணுக்கு இறங்கியது. நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவரோ உற்சாகமாகத்தான் இருந்தார். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்துத் தண்ணீர் நிறையக் கிடக்கிறது என்றார். வாழைத்தோப்புகளைக் காட்டினார். கொற்கைக்குப் போகும் வழிப்பலகையைச் சத்தமாகப் படித்து, ஒரு காலத்தில் அங்கேதான் துறைமுகம் இருந்தது, கடல் அந்த ஊரை விட்டுவிட்டுப் போய்விட்டது என்றார். அவர் காட்டியதெல்லாம் சாலைக்கு வலப்புறம் இருந்தவை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஆத்தூரில் ரோட்டோரக் கடை ஒன்றில் இட்லி சாப்பிட்டோம். வாழையிலையில் இட்லியும் சாம்பாரும் வைத்துவிட்டு, கடைக்காரர் இலையின் இடது ஓரத்தில் சூடான வடையை வைத்தார். அவர் வைத்ததை நானே பார்த்தேன். இவர் இட்லியை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, வடை கேட்டேனே. வைக்கலியே?"

கடைக்காரர் இலையைப் பார்த்தார். "அந்தா இருக்குல்லா அண்ணாச்சி. மொதல்லயே வச்சிட்டேனே."

இவர் தலையை நன்றாகத் திருப்பி இலையைத் தேடினார். வடை கண்ணில் பட்டதும் அவர் முகத்தில் ஒரு கோபம் வந்தது. "இப்பத்தான வச்சிய?" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன். சாப்பிட்டு எழுந்தபோது, இடது ஓரத்தில் வைத்த தேங்காய்ச் சட்னி தொடாமலே கிடந்தது. சட்னியை வழித்து நக்காமல் அவர் இலையை மூடியதே கிடையாது.

காயல்பட்டினத்துக்குள் ஒரு தெருவில், ஓரமாக நின்ற ஆட்டோவின்மேல் எங்கள் காரின் இடது கண்ணாடி மோதி மடங்கியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்தார்.

"நின்ன வண்டில வந்து இடிக்கிய? என்ன ஓட்டுதிய?"

"நீதானப்பா உள்ள வந்து விட்ட?" என்றார் இவர்.

"நான் எங்கன வந்தேன்? வண்டி ஆஃப்ல நிக்கி!"

இவர் என்னைப் பார்த்து, "சத்தியமா இவன் இப்பத்தான் வந்தான்" என்றார். பொய் சொல்லுகிற முகம் அல்ல அது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பார்த்த முகம், பொய் சொன்னால் எனக்குத் தெரியும். நான் ஆட்டோக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை நிமிர்த்திக் கொடுத்தார். இவரிடம், திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் பயந்தால் ஊரைப் பார்க்க முடியுமா என்று எரிந்து விழுந்தார்.

திருச்செந்தூர்க் கூட்டத்தைக் கடந்து ஆலந்தலையை நோக்கிப் போகையில் என் பக்கம் கடல் திறந்துகொண்டது. உடைமரங்களுக்கு நடுவே முதலில் துண்டுதுண்டாகத் தெரிந்து, பிறகு ஒரே நீலமாக, வெயில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. நான் கண்ணாடியை இறக்கினேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சலித்துக்கொண்டார். "கடலோரமா போற ரோடுன்னு சொன்னானுவ. இன்னும் கடலையே காணோமே."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தபடி திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. ஏமாந்துபோன சின்னப்பிள்ளை மாதிரி முகம் வாடியிருந்தது. அலையின் சத்தம் காருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"சத்தம் கேக்கலியா?" என்றேன்.

"கேக்குது. எங்கன இருந்துன்னுதான் தெரியல" என்றார்.

அதற்குமேல் எதையும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஏதோ ஒன்று உறுதியாகிவிடும் போலிருந்தது. மணப்பாட்டில் இறங்கியதும் எப்படியாவது அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று எண்ணிக்கொண்டு, அவருடைய கையையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்தபடி வந்தேன். குலசேகரன்பட்டினம் தாண்டியாயிற்று.

மணப்பாட்டுக்குள் திரும்பும் குறுகிய சாலையில் மணல் ஏறிக் கிடந்தது. இடப்பக்கம் ஒரு பூவரச மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வலை அவர் காலடியிலிருந்து சாலை வரை பரந்து கிடந்தது. கார் நேராக அவரை நோக்கிப் போனது. வேகம் குறையவில்லை.

"ஆளு! ஆளு!" என்று கத்தினேன்.

"எங்கன?" என்று கேட்டார் என் கணவர். நிதானமாகக் கேட்டார்.

நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் என் கணவர் பக்கம் திருப்பினேன். வலைக்காரர் நிமிர்ந்து பார்த்து, அப்படியே பக்கவாட்டில் விழுந்து உருண்டார். நாற்காலி காருக்கடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. வலை முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி குலுங்கி நின்றது.

சனம் கூடிவிட்டது. யாரோ கதவைத் திறந்து என் கணவரின் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவர் அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். உருண்டவர் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து வந்தார்.

"ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? மனுசன் இருக்கது தெரியலியா?"

என் கணவர் சுற்றிலும் பார்த்தார். கலங்கிய குரலில், "அங்கன யாருமே இல்லியே. ரோடு சும்மாதான கெடந்துச்சு" என்றார்.

அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு வலைக்காரருடைய கோபம் நின்றுவிட்டது. சட்டையைப் பிடித்திருந்தவரிடம், "விடுல அவர" என்றார். பிறகு என்னிடம், "யம்மா, இவருக்கு மேலுக்குச் சொகமில்லியா?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

சாலையை ஒட்டியே அவர் வீடு. அவருடைய மனைவி எங்களை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பதற்றத்தோடு வண்டியை எடுக்க வேண்டாம், ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். தன் புருஷன் பிழைத்தது ஆண்டவர் செயல் என்று சொல்லிக்கொண்டே எவர்சில்வர் தட்டில் சோறு போட்டு, பாறைமீன் குழம்பு ஊற்றி, துண்டு மீனைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. இவருக்கு நல்ல பசி. வேகமாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததாகக் கையை உதறியபோது தட்டைப் பார்த்தேன். வலது பாதியில் ஒரு பருக்கை இல்லை. இடது பாதியில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. நடுவே கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. அந்தப் பக்கம் மீன் துண்டில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கொழம்பு நல்லாருக்கு. மீனுதான் ஒண்ணையும் காணோம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அட, இப்பத்தான் வச்சாவளா?" என்று மீனை எடுத்தார்.

வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வலைக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து என் கணவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடக்கைப் பக்கமாக மெல்ல நகர்ந்தேன். நான் நகர நகர அவருடைய பார்வை என்னோடு வராமல் சுவரிலேயே நின்றது.

"எங்க போயிட்ட?" என்று கேட்டார். நான் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். உரிமம் இருந்தாலும் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் தவிர ஓட்டியதில்லை. "நானும் கூட வாரேன், வண்டில ஏறுங்க" என்றார் வலைக்காரர். சக்கரத்தில் சுற்றிய வலையை அவரே அறுத்து எடுத்திருந்தார். என் கணவரை முன்னிருக்கையில் உட்காரவைத்துக் கதவை மூடப் போனபோது அவருடைய இடது கை வெளியே தொங்கியது. அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

தூத்துக்குடிக்குத் திரும்பும்போது கடல் வலது பக்கம் வந்தது. ஆலந்தலை அருகே அவர் என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்து, "ஏளா, அங்க பாரு, கடல்!" என்றார். அப்படியொரு சந்தோஷம். "எவ்வளவு பெருசு! காலைல இந்த வழியாத்தான வந்தோம்?"

பின்னால் இருந்த வலைக்காரர் அவர் தோளில் கையை வைத்து, "நல்லா பாத்துக்கிடுங்க தம்பி" என்றார். எனக்குச் சாலை மங்கியது. துடைத்துத் துடைத்து ஓட்டினேன். லாரிகள் உரசுகிற மாதிரி கடந்துபோகையில் பின்னாலிருந்து அவர்தான், "பதறாதிய. எடம் கெடக்கு. போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் வலது பின்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. "கண்ணுல கோளாறு இல்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதையே மூளை மறந்துடுது. அதனால தனக்குத் தெரியலங்கறதும் அவருக்குத் தெரியாது" என்றார். மதுரைக்கு அனுப்பினார்கள். மகள் வந்து சேர்ந்தாள். தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் நான் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முழுதாக அல்ல. இப்போதும் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக்கினார்கள். வேலைக்கும் போகிறார், அலுவலகத்துக்குள் மட்டும். கார் என் கையில். காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன்.

டாக்டரிடம் கடைசியாகப் போனபோது என் கணவர், "இது எவ்வளவு நாளா இருந்திருக்கும் சார்?" என்று கேட்டார். மெதுவாக வளருகிற கட்டி, பல மாதமாகவே இடப்பக்கக் கவனம் குறைந்துகொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை துறைமுகச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ராத்திரி வேலை முடிந்த தொழிலாளர்கள் சாலையின் இடது ஓரமாக வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர்கள், தலையில் துண்டு கட்டிய பெண்கள். அவர் தலையை முழுதாகத் திருப்பி, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அத்தன மாசமும் நான் தெனம் இந்த வழியாத்தான போனேன்" என்றார்.

"ஒண்ணும் ஆகியிருக்காது. ஆகியிருந்தா சத்தம் கேட்டிருக்கும், யாராவது வந்து சொல்லியிருப்பாவ" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் காரின் இடது பக்கம் குனிந்து, முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை கீறல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்தில் விழுந்தது எது, மணப்பாட்டில் விழுந்தது எது என்று எனக்குத் தெரியும். மற்றவை அதற்கு முன்பே இருந்தவை. பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டார்கள் என்று அப்போது நினைத்திருந்தோம். பின்கதவின் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். அதன்மேல் கையை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எதுல பட்டது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன்.