இடது சிவப்பு, வலது மஞ்சள்

அந்தக் காரின் மூக்கு நீளம். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் வரும் எனக்கு. இரண்டே பேர் உட்காரும் கார். அந்த இருவரும் பின் சக்கரத்தை ஒட்டி ஒடுங்கிக்கொள்ள வேண்டும். மீதி நீளம் முழுக்க எஞ்சினுக்கு. பின்பக்கம் ஒரே சரிவு, மழைத் தண்ணீர் எங்கும் நின்று யோசிக்காமல் இறங்கிப் போகிற சரிவு. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில், என் நண்பனின் பட்டறையில், தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கடலூரில் பஸ் ஏறி, அதைப் பார்ப்பதற்கென்றே பதினோரு வருடம் போயிருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நண்பன் லால்பேட்டைக்காரன். மஸ்கட்டில் காருக்குப் பெயிண்ட் அடித்துக் கை தேர்ந்தவன். இந்தக் காரை அவனுடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது கப்பலில் ஏற்றி வந்தார். அங்கே வேலை பார்த்த ஒரு ஜப்பான்காரர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்து, போகும்போது விட்டுப்போன வண்டி. அதாவது ஜப்பான் தனக்கென்று வைத்துக்கொண்ட வகை.

ஒரே கார்தான், ஆனால் போகிற ஊருக்குத் தக்கபடி வேறு வேறு கார். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஜப்பானில் ஓடியதற்குப் பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லை. முன் சக்கரத்துக்கு மேலே, மூக்கின் மீது, இரண்டு கன்றுக்குட்டிக் கொம்புபோல நிற்கும். அங்கே எஞ்சின் அளவைப் பார்த்து வரி, அதனால் எஞ்சின் சின்னது. வேகமுள் நூற்று எண்பதோடு நின்றுவிடும். நூறைத் தாண்டினால் கோயில் மணி அல்ல, வீட்டு அழைப்புமணி அளவுக்கு ஒரு மணி மரியாதையாக அடிக்கும். அமெரிக்கா போனதற்குப் பெரிய எஞ்சின், தடித்த பம்பர், மைல் கணக்கு, இடப்பக்கம் ஸ்டீயரிங், விலாவில் சின்னச் சின்ன விளக்குகள். அரபு நாடுகளுக்குப் போனதற்கு வெயில் தாங்க அகலமான ரேடியேட்டர். ஒரு தாய் தன் பிள்ளைகளை வெவ்வேறு ஊருக்குக் கட்டிக்கொடுக்கும்போது எவருக்கு எந்தப் பெட்டி என்று யோசித்து வைத்த மாதிரி. அந்த யோசனைதான் என்னைக் கட்டிப்போட்டது.

பழுதானதற்கு மாற்று உதிரி எங்கே கிடைக்கும்? லால்பேட்டையில் அதற்கு வழி இருக்கிறது. ஊரில் பாதி வெளிநாட்டில். லீவில் வருகிறவர்கள் கிளம்புமுன் "என்னா வேணும்?" என்று கேட்பார்கள், ஒருவரிடம் ஒரு பொருள்தான் கேட்க வேண்டும். இரண்டு கேட்டால் பெட்டிக்குப் பாரம், கேட்டவனுக்குக் கூச்சம். நண்பன் அந்த மரியாதையை ஒருநாளும் மீறியதில்லை. ரேடியேட்டர் குவைத்திலிருந்து வந்தது. ஷார்ஜாவிலிருந்து வந்த முன் விளக்கைப் பொருத்திப் பார்த்தால் வெளிச்சம் வலப்பக்கமாக ஏறி எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தியது. வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்குச் செய்தது அது. அலமாரிக்குப் போனது. ஒரு புயலில் கொட்டகைத் தகரம் விழுந்து பின் விளக்கு இரண்டும் நொறுங்கியபோது, ஜப்பானில் ஓட்டல் சமையலில் இருந்த பையனிடம் வலது விளக்கையும், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த தன் சின்னம்மா மகனிடம் இடது விளக்கையும் கேட்டான். ஆளுக்கு ஒன்று. இரண்டும் அச்சாகப் பொருந்தின.

இந்த வருடம் காரை எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதி என்ற சான்றுக்கு, ஆர்.டி.ஓ.விடம் காட்டியாக வேண்டும். பதிவுக் காலம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. நண்பனின் மனைவி என் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நீங்களே கேட்டுக்குங்க. இந்த வாட்டி பேப்பர் வரலன்னா காயலான் கடைக்காரன வரச் சொல்லிடுவேன். வேல வர்ற வண்டிங்க ரோட்டுல நிக்கிது, வேல வராத வண்டிக்கு நெழல்."

"பேப்பர் வரும்," என்றான் நண்பன்.

"வந்தா நானே முன்னால ஒக்காந்து வர்றேன். ரெண்டு சீட்டுதானே? அண்ணன் பஸ்ல வரட்டும்."

சோதனை மைதானத்தில் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கொம்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். சேஸிஸ் நம்பர் சரி, எஞ்சின் நம்பர் சரி, பிரேக் சரி.

"இண்டிகேட்டர் போடுங்க."

வலது மஞ்சளாகச் சிமிட்டியது.

"இந்தப் பக்கம்."

இடது சிவப்பாகச் சிமிட்டியது.

அவர் குனிந்தார், நிமிர்ந்தார். "என்னங்க இது? பின்னால வர்றவன் பிரேக்குன்னு நெனைப்பானா, திரும்புறீங்கன்னு நெனைப்பானா?"

"மேடம், அமெரிக்காவுல அப்படித்தான். அங்க பின்னால எல்லாமே சிவப்பு," என்றான் நண்பன்.

"அப்ப இடது பக்கம் திரும்பறப்ப மட்டும் அமெரிக்காவுல ஓட்டுவீங்களா?"

பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல வாங்க. ரெண்டும் மஞ்சளா எரியணும். இல்லன்னா ரிஜெக்ட்னு எழுதிடுவேன்."

நான்கு நாள். ஜப்பானிலிருந்து இன்னொன்று வருவதென்றால் யாராவது லீவில் கிளம்ப வேண்டும். கடையில் விற்கும் பொது விளக்கு இரண்டை மாட்டிவிடச் சொன்னாள் அவன் மனைவி. அந்தச் சரிவின் முடிவில் லாரி விளக்கா என்று நண்பன் எழுந்து போய்விட்டான். இடது விளக்கைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தோம். உள்ளே பல்பின் இடம், திருகின் இடம் எல்லாம் வலதைப் போலவேதான். வெளிக் கண்ணாடியின் நிறம் மட்டும் வேறு. மேல்பாதிச் சிவப்பை அறுத்தெடுத்து அங்கே மஞ்சளைப் பதித்தால் போதும்.

அவன் கத்தியை எடுக்கவில்லை.

"என்னா மச்சான், யோசனை?"

"நியூ ஜெர்சி தம்பி மனசு கஷ்டப்படுவான்டா. லீவுல வந்தான்னா வூட்டுக்குக்கூடப் போவ மாட்டான், நேரா இங்கதான். துணியில சுத்தி, மடியில வெச்சே பிளேன்ல கொண்டாந்தான். அதப் போயி அறுக்கறதா?"

"அறுக்கலன்னா மொத்தமும் காயலான் கடை. அப்ப யாருக்கு மனசு நல்லாருக்கும்?"

அவன் என்னை டீ வாங்கிவரச் சொன்னான். நான் திரும்பி வந்தபோது விளக்கை இடுக்கியில் மாட்டி ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான், மூச்சைப் பிடித்தபடி. சிவப்புத் தூள் அவன் விரலில் குங்குமம்போல ஒட்டியிருந்தது. மஞ்சளுக்கு, சிதம்பரம் மேல வீதிக் கடையில் லோடு ஆட்டோவின் இண்டிகேட்டர் கண்ணாடி ஒன்று வாங்கினோம். அதை அளந்து, வெட்டி, உப்புத்தாளில் இரண்டு நாள் தேய்த்தான். ஒட்டிய கோடு தெரிந்தது. விரலால் தடவினால் தெரியவில்லை. ஜப்பான் தன் வீட்டுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று செய்தபோது இந்த ஊரை நினைத்திருக்காது. இந்த ஊர் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது. அதை நான் சத்தமாகச் சொன்னேன். "கவித எழுதாத, பல்ப எடு," என்றான்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வெகுநேரம் குனிந்திருந்தார். இரண்டு பக்கமும் மஞ்சள். இடது மஞ்சள் கொஞ்சம் அடர்த்தி, தேன் நிறம்.

"இது எந்த நாடு?"

"இதே ஊருதான் மேடம்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "மூக்கு எவ்ளோ நீளங்க," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஜும்மா தொழுகை முடிந்து கடலூருக்குக் கிளம்பினார்கள், அவனும் மனைவியும். நான் பஸ்ஸில்தான் போனேன். புதுச்சத்திரம் தாண்டி என்னைக் கடந்து போனதைப் பார்த்தேன்: கொம்புகளுக்கு இருபுறமும் வயல் இரண்டாகப் பிரிந்து பின்னால் ஓடியது. அவள் துப்பட்டாவைக் கையால் பிடித்தபடி ஏதோ கத்தினாள். கேட்கவில்லை; சிரிப்பு தெரிந்தது. பஸ்ஸில் ஒருவர், "சினிமாக்காரனா?" என்று கேட்டார். "லால்பேட்டைக்காரன்," என்றேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காரை நிறுத்தியிருந்தான். நியூ ஜெர்சியில் அப்போது காலை. போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீ சொல்லு மச்சான்."

"ஒன் தம்பி, நீயே சொல்லு."

வீடியோவில் அந்தத் தம்பி கையில் காப்பியோடு வந்தான். நண்பன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான்: இன்ஸ்பெக்டர், நான்கு நாள், பிளேடு. அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைத்த ஒலி கேட்டது.

"பாதிய அறுத்துட்டியாண்ணே?"

"மேல்பாதிதான்டா. கீழ்பாதி ஒன்னுதுதான். பிரேக் போட்டா நீதான் எரிவ."

"போடு, பாக்குறேன்."

போனை வாங்கிக்கொண்டு நான் காருக்குப் பின்னால் போய் மணலில் குந்தினேன். நண்பன் உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தான். இருட்டத் தொடங்கியிருந்த மணலில் சிவப்பு பரவியது.

"இன்னொரு வாட்டி," என்றது போன்.