தண்டாயுதபாணியின் பத்தொன்பது கார்கள்

ராயபுரத்தில் தண்டாயுதபாணி வீடு எது என்று கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். காருக்காரர் வீடு என்றால் பால்காரர்கூடச் சைக்கிளை நிறுத்தி வழி காட்டுவார். பத்தொன்பது கார் வைத்திருந்த மனிதர் அவர். ஆனால் கம்பெனிக்கு நடந்துதான் போனார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அதை வைத்து ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சமா நஞ்சமா? "ஏனுங்க காருக்காரரே, இன்னிக்கு எந்த வண்டிய எடுக்கறீங்க?" என்று டீக்கடையில் எவனாவது ஒருவன் தினம் கேட்பான். "எல்லா வண்டியும் சர்வீஸுக்குப் போயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். கேட்டவர்களுக்குச் சலிக்கவே இல்லை. அவருக்குத்தான் ஐந்தாறு வருஷத்திலேயே சலித்துப் போனது.

கார் என்றால் ரோட்டில் ஓடுகிற கார் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சீமைப் பொம்மைக் கார்கள். உலோகத்தை உருக்கி வார்த்து, வண்ணம் பூசி, நிஜக் காரில் என்னென்ன உண்டோ அத்தனையையும் வெள்ளைக்காரன் சின்னதாக வைத்திருப்பான். விளக்கு இருக்கும், நம்பர் பலகை இருக்கும். குப்புறத் திருப்பினால் வயிற்றில் பொடி எழுத்தில் காரின் பெயர் இருக்கும்.

முதல் வண்டி அவரைத் தேடிக்கொண்டு வந்ததுதான். ஐம்பத்தேழாம் வருஷம் கிட்டுசாமியின் பனியன் கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நிட்டிங் மிஷின் வந்தது. தண்டாயுதபாணி அங்கே மிஷின் ஃபிட்டர். மரப்பெட்டியைப் பிரித்து வைக்கோலை அள்ளிப் போடும்போது கைக்கு ஒரு பச்சை லாரி தட்டுப்பட்டது. அங்கே பெட்டி கட்டியவன் வீட்டுக் குழந்தையுடையதோ என்னவோ, யார் கண்டது. நேராக முதலாளியிடம் கொண்டுபோனார்.

"மொதலாளி, பொட்டிக்குள்ள இது கெடந்துச்சுங்க."

கிட்டுசாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஷினுக்கு இது வேணுமா?"

"வேண்டீதில்லீங்க."

"அப்ப நீயே வெச்சுக்கப்பா."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது பித்து. மிஷின் ஊசி விற்க வருஷத்துக்கு இரண்டு தடவை பம்பாயிலிருந்து ஒரு ஏஜெண்ட் வருவார். அவரிடம் சொல்லிவைத்து, கெஞ்சி, ஒவ்வொன்றாக வரவழைத்தார். ஆஸ்டின், ஹில்மேன், மாரிஸ் மைனர். ஊசி வந்த காலி அட்டைப் பெட்டிகளில், கட்டிங் வேஸ்ட் பனியன் துணியைச் சுற்றி, சுவரலமாரியின் மேல் தட்டில் அடுக்கினார். நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு, ஒன்றைப் பிரித்து ஐந்து நிமிஷம் கையில் வைத்திருந்தால் போதும்.

ஆனால் அந்த வீட்டில் குழந்தை இல்லை. அங்கேதான் வந்தது வினை. ஒரு சீமந்த விருந்தில், அவருடைய அக்கா பொன்னாத்தாள், பந்தியில் அத்தனை பேர் இருக்க, "புள்ளையில்லாத ஊட்டுல பொம்மைக் காரு எதுக்குடா தம்பி?" என்று கேட்டுவிட்டாள். அவர் மனைவி மருதம்மாள் அப்போது அந்தப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகம் மாறாமல் கடைசி இலை வரைக்கும் ஊற்றி முடித்தாள். பொன்னாத்தாளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மருதம்மாள் அந்த அலமாரிப் பக்கம் போய் அவர் பார்த்ததில்லை. ஒரு தடவை, சிவப்பு ஆஸ்டின் வந்த புதிதில், ஆசையாக எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "இதப் பாரு அம்மிணி, பானெட்டு தொறக்குது." அவள் திரும்பிப் பார்க்காமல், "அடுப்புல பால் இருக்குதுங்க" என்றாள். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஏக்கம் போகவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காரை அவள் தன் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்டதே இவ்வளவுதான்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் பத்தொன்பதையும் இறக்கி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்திச் சந்தனப் பொட்டு வைப்பார். எழுபத்துநாலில் அதற்கு உடம்பில் தெம்பில்லை. கம்பெனியில் இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூசி இருமல் வேறு. நாற்பத்தாறு வயதில் அறுபது ஆனவர் போல ஆகியிருந்தார். பூஜைக்கு முந்தின நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வருசம் என்னால ஆகாது அம்மிணி. கெடக்கட்டும் போ" என்றார்.

அந்தக் "கெடக்கட்டும்" மருதம்மாளைக் குத்திவிட்டது. அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. தெருமுனை தாண்டி அவர் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, பெட்டிகளை இறக்கினாள். வருஷக்கணக்காகத் தொட்டுத் துடைத்த தேங்காயெண்ணெய் இடுக்கெல்லாம் பிசுக்காக ஒட்டியிருந்தது.

மூன்று நாள் முன்னால் சாப்பிடும்போது அவரேதான் சொல்லியிருந்தார். "கம்பெனியில மிஷின் சாமான் பூராச் சோடாவுல போட்டாச்சு. சுடுதண்ணியில காஸ்டிக் சோடாவக் கலக்கிப் போட்டா எண்ணெய்ப் பிசுக்குத் தானாக் கழண்டு வந்துரும். தேய்க்கவே வேண்டீதில்ல." கம்பெனிச் சாமான் வெறும் இரும்பு, அதில் பெயிண்ட் கிடையாது என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? என்னைக் கேட்டால், அரைகுறையாகச் சொன்ன மனிதரைத்தான் குற்றம் சொல்வேன். அவள் பக்கத்துச் சந்தில் இருந்த சலவைப் பட்டறைக்குப் போய் ஒரு டம்ளர் காஸ்டிக் வாங்கி வந்தாள். பெரிய மண்சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, பத்தொன்பதையும் மெதுவாக உள்ளே விட்டு, தட்டால் மூடினாள். அருவாமனை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துலக்கி முடித்துவிட்டுத் திரும்ப வந்து தட்டைத் திறந்தாள்.

பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தோல் தோலாக உரிந்து தண்ணீரில் மிதந்தன. அடியில் கிடந்தவை எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

பூஜைக்காகக் கம்பெனியை அன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கையில் பொரிப் பொட்டலத்தோடு நாலரை மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, முருகன் படத்துக்கு முன்னால் ஒரு பனியன் துணி விரித்து, அதில் கார்களை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் மருதம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது. சோடா பட்ட விரல்கள் வெந்து சிவந்திருந்தன.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க மாமா. சாயம் பூராப் போயிருச்சுங்க."

அவர் நின்றபடியே பார்த்தார். பதினேழு வருஷம். வாய்க்கு ஒரு வார்த்தை வந்தது. பிள்ளை பெறாதவள் கை பட்டால் இப்படித்தான் என்கிற அந்த வார்த்தை. பொன்னாத்தாளாக இருந்தால் கூசாமல் சொல்லியிருப்பாள். தனக்கா அந்த வார்த்தை வந்தது என்று அவருக்கே உடம்பு கூசிப் போயிற்று. கோபப்படக்கூட இந்த உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்றும் தோன்றியது. பொரியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போச்சாது, உடு அம்மிணி. வெரலுக்கு எண்ணெய் போடு மொதல்ல."

அவள் அசையவில்லை. அவரே கிண்ணத்தை எடுத்து அவள் விரல்களுக்கு எண்ணெய் தடவினார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, முதல் வண்டியை எடுத்தார். "இது லாரி. பச்சை." பொட்டு வைத்து ஓரமாக நிறுத்தினார். "இது ஹில்மேன். நீலம்." அடையாளம் சொல்லி வைப்பது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். குரலில் ஜீவனே இல்லை. கடைசியில் இரண்டு ஆஸ்டின் மிஞ்சின. இரண்டும் ஒரே அச்சு. ஒன்று சிவப்பு, இன்னொன்று சந்தன நிறம். அந்த நிறம் ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் இப்போது போய்விட்டது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எது எது என்று தெரியவில்லை. அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

"வலது கையில இருக்கறது சந்தன நெறமுங்க" என்றாள் மருதம்மாள்.

அவர் நிமிர்ந்தார்.

"அடியில பின்சக்கரத்துக்கிட்ட ஒரு கீறல் இருக்கும், தொட்டுப் பாருங்க. செவப்புக்கு அது இல்லீங்க. செவப்பு ஓட்டுனா எடது பக்கமா இழுக்கும்."

விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இருந்தது. இத்தனை வருஷம் வைத்திருந்தவருக்குத் தெரியாத கீறல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கம்பெனிக்குப் போனப்பறம் தெனமும் எடுத்து ஓட்டிப் பாப்பனுங்க. மறுபடி அதே மாதிரி சுத்தி வெச்சுருவேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளைக்கு ஏங்கறேன்னு நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான் சொல்லலீங்க."

அவர் சந்தன நிற ஆஸ்டினுக்குப் பொட்டு வைத்து வரிசையில் சேர்த்தார். மிச்சம் இருந்த ஒன்றைத் தரையில் வைத்து அவள் பக்கமாக லேசாகத் தள்ளிவிட்டார். அது கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடது பக்கமாக இழுத்தது. அவள் அங்கே கையை வைத்துப் பிடித்தாள்.