தம்பி கேட்ட பாண்

ஒஸ்லோவில் என்னோடு வேலை செய்யும் சென்னைத் தோழி, கோழி வைத்த நீளமான பகெட் ரொட்டியைக் காட்டி, "இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"பாண்" என்றதும் தம்பி தொலைந்த நாள் நினைவுக்கு வந்தது.

நாங்கள் நோர்வேக்கு வந்த புதிது. புருசெத் கடைத்தொகுதியில் நாலு வயதுத் தம்பியைக் காணவில்லை. ரயிலேறிவிட்டானோ என்று பயந்து அம்மா நிலையத்துக்கு ஓடினார். அங்கே ஒரு நோர்வேஜியப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அவன் நின்றான்.

"நான் பாண் கேட்டனான். இவ இஞ்சை கூட்டி வந்திட்டா" என்று அழுதான்.

ஒஸ்லோவில் மெட்ரோ ரயிலை 'பானெ' என்று சொல்வார்கள் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

"ஓம் ராசா, வாங்கித் தாறன்" என்றார் அம்மா.

அவன் தின்று முடிக்கும்வரை அம்மா அவனுடைய சட்டைக் கழுத்தை விடவேயில்லை.