கரண்டு வைத்தியமும் கழுத்துத் துண்டும்

இந்த மாத ஆரம்பத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் ஒரு நர்ஸம்மாவிடம் தோற்றுப்போனார். முப்பது வருஷமாக நான் முயன்றும் நடக்காத காரியம்!

அவருக்குத் தொண்டையில் கேன்சர் கட்டி. வாரத்தில் ஐந்து நாள் ‘கரண்டு’ வைக்கிறார்கள் — ரேடியேஷனுக்கு எங்கள் நயினார்கோவில் பக்கம் அதுதான் பெயர். மூன்றாவது வாரமே கழுத்து கன்றிச் சிவந்துவிட்டது. கோயில் சந்தனம், மஞ்சள் எதையும் நான் பூசவில்லை. முதல் நாளே தடுத்துவிட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அவர்கள் தந்த களிம்பு, வெயிலுக்குக் குடை... எல்லாம் சரியாகத்தானே செய்தோம்?

நர்ஸம்மா அவர் தோளைக் காட்டினார். துண்டு! கஞ்சி போட்ட மொடமொடத் துண்டு. கழுத்தைச் சுற்றி அது நாளெல்லாம் உரசியிருக்கிறது.

“தோல் வெடிச்சுட்டா ஆறுற வரைக்கும் கரண்டை நிறுத்த வேண்டி வரலாம். கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்குமாம்மா?”

இவரோ, துண்டு இல்லாமல் போனால் ஊரில் யார் மதிப்பார்கள் என்று முணுமுணுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் ஊர்ச் சாமி நாகநாதரை வேண்டிக்கொண்டேன். இவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை கொடுத்தது அந்தச் சாமிதான்.

“சாமி முன்னாடி துண்டை இடுப்புலதானே கட்டுறீக? அந்த மெசினுக்குள்ளயும் அவருதான் இருக்காருன்னு நினைச்சுக்கங்க.”

ஊரில் இறங்கும்போது துண்டு இடுப்பில் இருந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. எங்கள் பங்காளி ஒருவர் — கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சே கிடையாது — டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டோடு இவர் வருவதைப் பார்த்ததும், தன்னிடம்தான் பணிந்து வருகிறார் என்று நினைத்துப் பதறி எழுந்துவிட்டார்.

“அண்ணே, நீங்க போயி என் முன்னாடி துண்டை இறக்கலாமா?” கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வீட்டுக்காரர் கண்ணாலேயே அடக்கினார். இப்போது தினமும் பஸ் ஏற்றிவிடக் குடை பிடிப்பவர் அந்தப் பங்காளிதான்!

மனுஷனுக்கு மனுஷன் இறங்கிப்போவது இவ்வளவு சுலபமா? தெரியாமல் போயிற்றே...

நேற்று நர்ஸம்மா கழுத்தைப் பார்த்தார். கறுத்திருக்கிறது, வெடிக்கவில்லை. கரண்டு ஒருநாள்கூட நிற்கவில்லை. எல்லாம் முடிந்தாலும் சில வாரம் தோளில் துண்டு கூடாது என்றார்.

“அடுத்த திருவிழா முடியிற வரைக்கும்னு சொல்லிவைங்கம்மா” என்று நர்ஸம்மா காதோடு சொன்னேன். துண்டு இடுப்பில் இருக்கும்வரை முதல் மரியாதைச் சண்டை வராதே! நாகநாதர் இந்த ஒரு பொய்யை மன்னிக்க மாட்டாரா என்ன?