இரண்டாவது குழி

யார் வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தாலும், ஒரு செம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். மூலையில் தேங்கி நின்றால் அந்த வீட்டுக்காரருக்கு அன்று டோஸ் உண்டு. "கொத்தனார் தூக்கத்துல தளம் போட்டாரா? வாட்டம் எங்கங்க வாட்டம்?"

எங்கள் தெருவில் அவருக்குக் கண்டக்டரம்மா என்று பெயர். உத்தியோகமும் அதுதான். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்தில் டிக்கெட் கிழிக்கிறார். பை மாட்டி மாட்டி இடது தோள் சற்று இறங்கிவிட்டது; குரல் மட்டும் இறங்கவில்லை. நிறுத்தம் இல்லாத இடத்தில் யார் கை காட்டினாலும் அவர் பஸ் நிற்காது. பக்கத்து வீட்டு வாத்தியாருக்கே ஒருமுறை, கொட்டுகிற மழையில், நிற்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வருடம் வாத்தியார் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் கண்டக்டரம்மா வீட்டுப் பழைய மலக்குழி பொங்கிவிட்டது. சரிசெய்ய வந்த ஒப்பந்தக்காரர் கூடவே ஒரு ஆளை அழைத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மூடியைத் திறந்ததும் அந்த மனிதர் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டார்.

"எதுக்குண்ணே சட்டையக் கழட்டுறீங்க?"

"உள்ள எறங்கத்தாம்மா."

கண்டக்டரம்மா சட்டையை எடுத்து உதறி அவரிடம் நீட்டினார். "போட்டுக்குங்க. என் வீட்டுக்காக ஒருத்தரும் அதுல எறங்க வேணாம்."

ஒப்பந்தக்காரருக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே புதுசாக் கட்டிக்கங்க!"

"கட்டிக்கிறேன்."

கட்டத்தான் போகிறார் என்று அப்போது யாரும் நம்பவில்லை. உறிஞ்சும் லாரியை வரவழைத்துப் பழைய குழியைக் காலி செய்து மண்ணடித்தார். நகராட்சியில் ஒரு கையேடு வாங்கி, பஸ்ஸில் கூட்டம் குறைந்த நேரமெல்லாம் படித்தார். இரண்டு அறை கொண்ட தொட்டி ஒன்று. அதிலிருந்து வழியும் நீரை மண் குடித்துக்கொள்ள ஒரு குழி. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு பின்புறம் போய்விடுவார். தையல்காரரான கணவர், அதிகம் பேசாதவர், கழுத்தில் அளவு நாடாவோடே மண் சுமந்தார். வேலை முடியும்வரை இருவரும் வாளியும் கையுமாக அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் வீட்டுக் கழிப்பறைக்கு நடந்தார்கள்.

நாத்தனாருக்கு மானம் போயிற்று. "ஊரே சிரிக்குது அண்ணி."

"சிரிக்கட்டும். சிரிச்சா வயிறு நல்லாப் போகும். அதுக்குத்தானே தோண்டுறேன்."

பதினோராம் நாள் குழி அவர் தலையை மறைத்தது. உள்ளே நின்று மண் வாரிக்கொண்டிருந்தவரின் காதில் கப்பி கிறீச்சிடுவதும், வாளி தண்ணீரில் 'தொபுக்'கென்று விழுவதும் கேட்டன. கேட்ட ஓசை மிக அருகில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் குடிதண்ணீர்க் கிணறு. ஏணியில் ஏறி வந்தார். கணவரின் கழுத்திலிருந்து நாடாவை உருவி, மதிலைத் தாண்டிக் கிணறுவரை மாற்றி மாற்றி வைத்து அளந்தார். இருபத்திரண்டு அடி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. மதிலுக்கு இடைவெளி பார்த்தவர் அதற்கப்பால் இருந்த கிணற்றை மறந்திருக்கிறார்.

நான் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கொப்புளம் உடைந்த உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து மதிலோரம் போனார்.

"சார், என் குழி உங்க கிணத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. மூடிடறேன்."

வாத்தியார் மூன்று வருட மௌனத்தை மறந்துவிட்டார். "பதினோரு நாள் தோண்டினீங்களேம்மா!"

"தோண்டுன கை எங்கயும் போயிடல. தண்ணி கெட்டுச்சுன்னா என்ன பண்றது?"

வீட்டின் முன்புறம்தான் தூரம் போதுமானது. அங்கே கணவரின் தையல் கொட்டகை நின்றது. இதை எப்படிச் சொல்வது என்று கண்டக்டரம்மா முதல்முறையாகத் தயங்கினார்.

"ஏங்க... கொட்டகை..."

"அளந்துட்டியா?"

"அளந்துட்டேன்."

கணவர் பாதி தைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, தையல் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அன்று முதல் அது சமையலறையில் ஓடுகிறது.

இரண்டாவது குழியை ஒன்பதே நாளில் முடித்தார். அடுத்துத் தொட்டி. முதலில் எழுப்பிய சுவர் சாய்ந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினார். தண்ணீர் நிரப்பிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். மறுநாள் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. இன்னொரு பூச்சு பூசினார். அடுத்த முறை தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. குழாய் மாட்டும்போது அதையும் விடவில்லை: "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியாத்தானே இருக்கு!"

தொட்டியின் சிமென்ட் மூடிப் பலகையைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மூன்று பேர் நின்றோம். வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

எல்லாம் முடிந்து கழிப்பறைக்குள் ஒரு வாளி தண்ணீரோடு கணவர் தயாரானார். கண்டக்டரம்மா மண்ணிலேயே குப்புறப் படுத்து, தொட்டியின் பார்வைத் துளைக்குள் டார்ச் அடித்தார். "ஊத்துங்க!" என்ற குரல் மூன்று வீடு தாண்டியது.

குழாயில் ஏதோ முனகியது. சலசலவென்று தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. நாத்தனார்தான் முதலில் கை தட்டினார். வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். கழிப்பறைச் சன்னலில் கணவரின் முகம், சிரிப்போடு, எட்டிப் பார்த்தது.

கண்டக்டரம்மா எழுந்திருக்கவில்லை. துளையிலிருந்து கண்ணை எடுக்காமல், சேறு காய்ந்த கையைத் தூக்கி, சன்னல் பக்கமாக ஒற்றை விரலைக் காட்டினார்: இன்னொரு வாளி.