மன்னிப்புக் கேட்கப் போனவர்

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் அனுப்பும் அறையில் நால்வர் வேலையை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தார். வேலை பழக்கியது நான். தொலைபேசி அடித்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

ஒரு மழைநாளில் இரண்டு தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு. இருந்த ஒரே வண்டியைப் பிரசவ வலியில் துடித்தவளுக்கு அனுப்பினோம். மற்ற அழைப்பு நெஞ்சுவலிக்காரர் ஒருவருக்கு; அவர் வீட்டாரிடம் அந்தப் பெண், "பொறுங்க, வண்டி வரும்" என்றார். வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் இறந்திருந்தார்.

லீவு நாளில் அந்தப் பெண், இறந்தவர் வீடிருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, போய்வந்தார்.

"ஏம்மா போனீங்க? நம்ம மேல தப்பில்லையே?"

"வண்டி வரும்னு நான் சொன்னத நம்பி, வந்து நின்ன லொறியக்கூட வேணாம்னுட்டாங்களாம். மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேங்க."

'பொறுங்க, வண்டி வரும்' என்று பதில் சொல்ல அவரைப் பழக்கியவன் நான். இன்றுவரை அந்த லயத்துப் பக்கம் நான் போனதில்லை.