தியாகலிங்கம் இரவல் வாங்கிய செம்புக்காசு

காசை ஒப்படைத்தபோது மிஸ்ரர் பார்க்கர் ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை. அதுதான் தியாகலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. சந்தேகப்படுகிறவனை எதையாவது காட்டிச் சமாளிக்கலாம். நம்புகிறவனிடம் காட்ட ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். ரொறன்ரோவில் எட்டு வருடமாகக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுத்தார். யாரோ காரில் வந்தவர் மறந்துவிட்டுப் போன ஒரு நாணயப் புத்தகத்தால் தொடங்கியது பழைய காசு சேர்க்கும் பழக்கம். அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த காலத்துக் காசுகள். அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். எழுத்துகள் சரிந்திருக்கும், ஓர் அச்சுப்போல இன்னொன்று இராது. அந்தச் சரிவுகளை அளப்பது அவருக்குத் தெரிந்த வேலை. அவரிடம் தேய்ந்த செப்புக்காசுகள் ஏழு இருந்தன. அவற்றை இருபது மடங்கு பெருப்பித்துப் பென்சிலால் வரைவார்.

நாணயச் சங்கம் மாதம் ஒருமுறை ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்றில் கூடியது. பன்னிரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். அவருடைய பெயரை அவர்கள் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் அவர் வரைந்த படங்கள் கைக்குக் கை போயின. 1996 ஆவணியில் அவர்களில் ஒருவரான பார்க்கர், கனெற்றிக்கற் குடியேற்றத்துச் செம்புச் சுரங்கக்காரர் ஒருவர் 1737இல் தானாகவே அடித்து விட்ட காசு ஒன்றைப் பெட்டியோடு நீட்டினார். ஒரு பக்கம் மான், மறுபக்கம் முடிசூடிய மூன்று சுத்தியல்கள். மிக அரிது.

“போட்டோவில் ஒன்றும் விழுவதில்லை. உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். ஞாயிறு வரை வைத்திருந்து வரைந்து தாருங்கள். சங்கத்தின் இதழில் உங்கள் முழுப்பெயரோடு போடுவோம்.”

முழுப்பெயர். வீடிருந்த சென் ஜேம்ஸ் ரவுணுக்கு நடக்கும்போது அந்தச் சொல் காதுக்குள்ளேயே நின்றது.

இரண்டு அறை வீட்டில் எவரும் கைவைக்காத இடம் ஒன்றுதான் இருந்தது: உடுப்பு அலுமாரியைச் சாமியறையாக்கி அடித்த தட்டு. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் காசைப் பெட்டியோடு பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். புதன்கிழமை மான் பக்கம் முடிந்தது.

வியாழன் பின்னேரம் கூண்டுக்குள் ரிக்கற்றில் திகதி குத்தும்போது அவருடைய கை நின்றது. நாளை வெள்ளி. வெள்ளி காலையில் சாமித்தட்டு விளக்குகள் பொன்னாக இருக்கும். அவர் வியாழன் பகலில் வீட்டில் இருந்ததில்லை. விளக்குகள் தாமாகவே மினுங்குகின்றன என்பதுபோல இத்தனை வருடம் கும்பிட்டிருக்கிறார்.

ரெலிபோனை எடுத்தார்.

“என்னப்பா, வேலைக்குள்ளாலை எடுக்கிறியள்? சுகமில்லையோ?” என்றாள் மனைவி மங்கையற்கரசி.

“தட்டிலை ஒரு சின்னப் பெட்டி…”

“உங்கடை செல்லாக்காசோ? விளக்கோடை அதையும் பழப்புளி போட்டு மினுக்கினனான். இப்ப வந்து பாருங்கோவன், மான் துள்ளுது!”

“ஆரப்பா உன்னை…”

“சாமிக்கு முன்னாலை வைச்சது நீங்கள். ஊத்தையாக் கிடக்க விடலாமோ?”

ரெலிபோனை வைத்தார். வெளியே ஒரு கார் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது.

செம்பின்மேல் இருநூற்றைம்பது வருடமாகப் படிந்த நிறம் அதன் தோல். உரித்தால் திரும்ப வளராது. இப்போது காசு புதிய கம்பிபோல இளஞ்சிவப்பாக மின்னியது. அவித்த முட்டையோடு மூடிவைத்தால் கறுக்கும் என்று அவருக்குத் தெரியும். பார்க்கரின் பார்வை மங்கல் என்பதும் தெரியும். சனி மத்தியானம் முட்டையை அவித்து, கோதுடைத்து, கிண்ணம் ஒன்றில் இட்டு, காசைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

“என்ன, சாப்பிடேல்லையோ?” என்றாள் மங்கையற்கரசி.

“நான் ஒரு பொய் சொன்னால் நீ கண்டுபிடிப்பியோ?”

“உங்கடை முகத்துக்கு அது வராதப்பா.”

முட்டையைத் தின்றார்.

ஞாயிறு பார்க்கர் தன் வீட்டில் காசை யன்னலடிக்குக் கொண்டுபோனார். லென்ஸை எடுக்கவில்லை. மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். தியாகலிங்கம் நடந்ததைச் சொன்னார். மனைவியைச் சொல்லவில்லை, “என் வீட்டில்” என்று மட்டும் சொன்னார்.

பார்க்கர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது இடம் இருந்திருக்கும். மேசை லாச்சியை இழுத்துப் பழுத்த கடதாசி உறை ஒன்றை எடுத்தார். அதில் ஆறு பேருடைய கையெழுத்துகள்: காசு யாரிடம் எப்போது இருந்தது, என்ன நேர்ந்தது என்று, 1871 முதல்.

“காசு எங்கே போனாலும் இந்த உறையும் கூடப் போகும். உங்கள் எழுத்து திருத்தமானது. நீங்களே எழுதுங்கள்.”

“என்ன எழுத?”

“சுத்தம் செய்யப்பட்டது. ரொறன்ரோ, 1996. பிறகு பெயர்.”

“பெயர் வேண்டுமா?”

“முழுதாக.”

நில வரைபடத்துக்கு எழுதும் நேர் எழுத்தில் தியாகலிங்கம் எழுதினார். பேனாவை மூடினார். பார்க்கர் உறையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அந்தப் பெயரை முதல்முறையாக எழுத்தெழுத்தாக வாசித்தார்.